ஈமுவிடம் ராணுவம் தோற்றது உண்மையா?

கேள்வி: சூலூர் வாசகர், ஜூலை 9

ஆஸ்திரேலிய ராணுவம் ஈமு பறவைகளோடு போர் நடத்தித் தோற்றுப்போனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இயந்திரத் துப்பாக்கியோடு போனார்களாம், பறவைதான் வென்றதாம். வேலையற்றவர் யாரோ கட்டிவிட்ட கதை என்கிறேன் நான். இல்லை என்பவர்கள் விவரத்தோடு வரவும்.

ஜூலை 9, இரவு

கதை இல்லை. 1932, மேற்கு ஆஸ்திரேலியா, கேம்பியன் வட்டாரம்.

முதல் உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு அரசு அங்கே நிலம் கொடுத்துக் கோதுமை போடச் சொல்லியிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கோதுமை விலை விழுந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து வறண்ட உள்நாட்டிலிருந்து ஏறத்தாழ 20,000 ஈமுக்கள் இறங்கி வந்தன. தின்றது பாதி, மிதித்தது பாதி. முயல் நுழையாமல் இருக்கப் போட்டிருந்த வேலியையும் உடைத்துவிட்டதால், அந்த ஓட்டை வழியே முயல்களும் வந்து சேர்ந்தன.

முன்னாள் சிப்பாய்கள் வேறு எங்கும் அலையாமல் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸிடம் போனார்கள். இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்பதைப் போர்க்களத்தில் பார்த்தவர்கள். மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும் வந்தன. தோட்டாச் செலவு விவசாயிகளுடையது. மழையால் தள்ளிப்போய் நவம்பர் 2 அன்று தொடங்கினார்கள். நவம்பர் 4 அன்று ஒரு நீர்த்தேக்கத்தின் அருகே பதுங்கி இருந்தபோது ஆயிரம் பறவைகள் நேராக நடந்து வந்தன. பத்துப் பன்னிரண்டு விழுந்ததும் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மீதி எல்லாம் சிதறி ஓடிவிட்டன. பிறகு துப்பாக்கியை லாரியில் ஏற்றி விரட்டிப் பார்த்தார்கள். ஈமு மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும். மேடு பள்ளத்தில் லாரி குலுங்கிய குலுக்கலில் குறி பார்க்கவே முடியவில்லை.

சூலூர்க்காரருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 10, காலை

ஒரு விஷயம் இரவெல்லாம் உறுத்தியது. "தோற்றது" என்ற சொல் கொஞ்சம் அதிகம். நவம்பர் 8 அன்று திரும்பிப் போனவர்கள் 13 அன்று மறுபடி வந்து டிசம்பர் 10 வரை இருந்தார்கள். முடிவில் மெரிடித் சொன்ன கணக்கு: 9,860 தோட்டாக்கள், 986 ஈமுக்கள். ஒரு பறவைக்குச் சரியாகப் பத்து. வகுத்தால் மீதி வராத கணக்கு எதுவானாலும் எனக்குச் சந்தேகம் வரும். கணக்கு எழுதியவர் பின்னாலிருந்து முன்னால் வந்திருப்பார்.

20,000த்தில் 986 போனால் மந்தை மந்தையாகத்தான் இருக்கும். அரசு பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டு, கொன்றவருக்குப் பணம் என்று அறிவித்தது. 1934இல் ஆறே மாதத்தில் 57,034 ஈமுக்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். ராணுவத்தால் ஆகாததை விவசாயியின் பணத்தேவை செய்தது. வாட்ஸ்அப் செய்தியில் இந்தப் பாதி இருக்காது. பறவை வென்றது என்று முடித்தால்தான் நாலு பேருக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் அரசு முத்திரையில் ஒரு பக்கம் கங்காரு, மறுபக்கம் இதே ஈமு.

ஜூலை 12

வெள்ளோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "நம் பக்கம் ஈமுவிடம் தோற்றவர்கள் அந்த ராணுவத்தைவிட அதிகம்."

அந்த வரியை என் மாமாவிடம் காட்டவில்லை. காங்கேயம் சாலையில் தோட்டம் வைத்திருந்த அவர் 2011இல் ஈமுவில் பணம் போட்டவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு. கொட்டகை, தீவனம், வைத்தியம் எல்லாம் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். வளர்க்கும் கூலியாக மாதம் ஆறாயிரம், வருடக் கடைசியில் ஊக்கத்தொகை தனி. தொலைக்காட்சியில் நடிகர்கள் வந்து சொன்னார்கள். பெருந்துறையைச் சுற்றிப் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்துச் சேர்த்தார்கள்.

கறிக்கு வாடிக்கையாளர் இல்லை, எண்ணெய்க்கும் இல்லை. புதிதாகச் சேர்கிறவர் கட்டும் பணத்தில்தான் பழைய ஆளுக்கு மாதக் கூலி போனது. புதிய ஆள் வருவது நின்ற மாதமே எல்லாம் நின்றது. 2012 ஆகஸ்ட். அலுவலகம் பூட்டியிருந்தது, தீவன வண்டி வரவில்லை, பட்டியில் பறவைகள் மட்டும் நின்றன. பலர் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் ஈமு ஓடியதை அந்த ஆண்டு இந்தப் பக்கம் பார்க்காதவர் குறைவு. கேட்பாரற்று நின்ற பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீவனம் போடவேண்டி வந்தது. இதெல்லாம் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்தால் "இந்தியக் கிராமத்துச் சாலையில் ராட்சதப் பறவைகள்" என்று வேடிக்கைப் பத்தியில்தான் போட்டிருப்பார்கள்.

மாமா அவிழ்த்து விடவில்லை. குதிரை மசாலும் தவிடும் வாங்கிப் போட்டு வளர்த்தார். எருமை விற்ற பணம் அதில் போனது. ஒரு ஜோடி முட்டை வைத்தது; கரும்பச்சை நிறம், கையில் எடுத்தால் அரைக் கிலோவுக்கு மேல் கனம். ஈமுவில் ஆண்தான் அடைகாக்கும். எட்டு வாரம், தீவனம் தண்ணீர் ஏறக்குறைய இல்லாமல் எழாமல் உட்கார்ந்திருக்கும். என் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) அந்தப் பறவையிடம் பிடித்த ஒரே குணம் அதுதான். "உங்கள் அப்பச்சியைக் கூட்டிவந்து இதைக் காட்டு" என்றாள், தன் புருஷனைச் சொல்லி. திட்டத்தைப் பற்றி அவள் சொன்னது வேறு: "ஆடு வளர்த்தால் கிடாய் வெட்டலாம், கோழி வளர்த்தால் முட்டை தின்னலாம், இதை வளர்த்தால் வேடிக்கை பார்க்கலாம்."

பிறகு கோவையில் உள்ள சிறப்பு நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் சிறைத்தண்டனை கொடுத்தது. மாமாவுக்கு வந்த பணம் பற்றிக் கேட்காதீர்கள்.

ஜூலை 13

ஆக, வேடிக்கைச் செய்தியை எடைபோட எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டும், தேதி வேண்டும், நட்டப்பட்டவர் ஒருவர் வேண்டும். மூன்றும் இருந்தால் நம்பலாம். யாருக்கும் நட்டமில்லாமல் எல்லாரும் சிரித்து முடியும் செய்தி பெரும்பாலும் யாரோ உட்கார்ந்து எழுதியது.

ஜூலை 13, சற்று நேரம் கழித்து

இல்லை, ஈமு முட்டை விற்பனைக்கு இல்லை. கேட்டவருக்கு.

ஜூலை 16

என் மூன்று நிபந்தனைகளைக் கவிழ்க்க ஒருவர் 1957இன் ஸ்பகெட்டி (கோதுமை மாவில் செய்யும் நீள நூடுல்ஸ்) அறுவடையைக் கொண்டு வந்திருக்கிறார். நல்ல அடி.

அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் மூன்று நிமிடப் படம் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் தெற்கே ஒரு குடும்பம், மரத்தில் தொங்கும் ஸ்பகெட்டியைப் பறித்துக் கூடையில் போட்டு வெயிலில் காய வைக்கிறது. குளிர் குறைவாக இருந்ததால் இந்த ஆண்டு விளைச்சல் அதிகம் என்று ரிச்சர்ட் டிம்பிள்பி முகம் மாறாமல் சொன்னார். எல்லாரும் நம்பிய குரல் அது. மறுநாள் மக்கள் தொலைபேசியில் கூப்பிட்டு நாங்களும் மரம் வளர்க்க வேண்டும், என்ன செய்வது என்று கேட்டார்கள். ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றைத் தக்காளி சாஸ் டப்பாவில் நட்டு வைத்துவிட்டு நம்பிக்கையோடு இருங்கள் என்று பதில் போனது.

ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது. தேதிதான் காட்டிக்கொடுக்கிறது. நட்டப்பட்டவர் மட்டும் இல்லை. ஆகவே என் நிபந்தனை நிற்கிறது என்றே சொல்வேன். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் ஸ்பகெட்டி பலரும் பார்த்தறியாத பண்டம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். சந்தகையை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) அறியாத ஊரில் போய், தாராபுரம் பக்கம் சந்தகை மரம் உண்டு, ஆடிக்காற்றில் உதிரும் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சந்தகைக் கட்டையில் பிழிந்து கை வலித்தவர்கள் அப்படி ஒரு மரம் இருந்தால் நன்றாக இருக்குமே என்றாவது நினைப்பார்கள்.

ஜூலை 19

டெல்லி நாகப்பாம்புக் கதையை இழுத்தவருக்கு: ஆங்கிலேயர் செத்த பாம்புக்குப் பணம் தருகிறோம் என்றார்கள், மக்கள் பாம்பு வளர்த்தே விற்றார்கள் என்பது மேலாண்மை வகுப்புகளில் சொல்லப்படும் கதை. நான் பார்த்த எந்த எழுத்திலும் அதற்குத் தேதியோ அரசாணையோ இல்லை. ஹனோய் எலிக் கதைக்கு இரண்டும் இருக்கின்றன. 1902, பிரெஞ்சு ஆட்சி. ஐரோப்பியர் பகுதியில் புதிதாகச் சாக்கடை கட்டினார்கள், அதில் எலி பெருகியது, பிளேக் பயம் வந்தது. கூலியாட்கள் ஒரே நாளில் 20,000 எலிகளைக் கொன்றும் எலி குறையவில்லை. ஒரு வாலுக்கு ஒரு சென்ட் என்று பொதுமக்களுக்கு அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடின. வாலை மட்டும் வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே எலிப் பண்ணையே இருந்தது தெரியவந்ததும் திட்டத்தை நிறுத்தினார்கள்.

எலிப் பண்ணை வைத்தவருக்கு வாடிக்கையாளர் அரசாங்கம். எங்கள் ஈமு பண்ணைக்கு அதுவும் இல்லை.

ஜூலை 24

பாஸ்டன் பாகு வெள்ளத்தைச் சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்ந்தவர் யார்? 1919 ஜனவரி 15, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு நிரப்பிய ஐம்பது அடி உயர இரும்புத் தொட்டி வெடித்தது. தெருவில் 25 அடி உயரத்துக்கு அலை எழுந்து மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போனது. 21 பேர் இறந்தார்கள், 150 பேர் காயம்பட்டார்கள். தொட்டி முன்பே கசிந்துகொண்டிருந்தது. கசிவு தெரியாமல் இருக்கப் பழுப்பு வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்று நிறுவனம் நீதிமன்றத்தில் வாதாடியது, எடுபடவில்லை.

கவுந்தப்பாடிப் பக்கம் பிறந்தவன் நான், பள்ளி விடுமுறையில் கரும்பாலையில் நின்றிருக்கிறேன். கொப்பரையில் காய்ச்சுகிறவர் பாகின் பதத்தைப் பார்த்து இறக்குவார். ஒரு நொடி தவறினால் கையில் ஒட்டிக்கொள்ளும், உதறினால் போகாது. பாஸ்டன் பாகு கொதிக்கவில்லை, ஆனால் பனிக்காலம். இருட்டி குளிர் ஏற ஏற அது இறுகியது. மாட்டிக்கொண்டவரை வெளியே இழுக்கப் போனவர்களும் அதிலேயே சிக்கினார்கள். இதைத் தண்ணீர் வெள்ளத்தோடு சேர்த்து எண்ணுகிறவர்கள் ஒருநாள் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு இந்தச் செய்தி வேடிக்கைப் பட்டியலிலேயே வராது.

ஆகஸ்ட் 1

இன்று ஒரு தீவு நாடு மாறியது. யாரும் கவனிக்கவில்லை.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் பிடசோவா ஆற்றில் ஃபெசண்ட் தீவு என்று ஒன்று. மொத்தம் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். 1659இல் இரண்டு நாடுகளும் அங்கே உட்கார்ந்து சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. தீவை யாருக்கு எழுதுவது என்ற சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி: இருவருக்கும். பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை ஸ்பெயின், ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை பிரான்ஸ். தீவில் குடியிருப்பவர் யாரும் இல்லை, பொதுமக்கள் இறங்கவும் அனுமதி இல்லை. ஒரு நினைவுத்தூண், மரங்கள், புல். முறை வருகிறவர் புல் வெட்டிவிட்டுப் போகிறார்.

எங்கள் கிணறும் அப்படித்தான். அப்பாரு காலத்தில் நான்கு பங்காளிகளுக்குப் பொது. மாடு கட்டிக் கவலை இறைத்த நாளில் ஆளுக்கு ஒரு நாள் முறை. மோட்டார் வந்த பிறகு மணிக்கணக்கு. பத்திரத்தில் கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும், எந்த நாலில் ஒன்று என்று யாரும் கேட்டதில்லை. வித்தியாசம் என்னவென்றால் ஸ்பெயினும் பிரான்சும் நூறு ஆண்டுகளுக்கு மேல் முறை தவறாமல் மாற்றிக்கொள்கின்றன. எங்கள் பங்காளிகள் நான்கு கோடை தாண்டவில்லை. மின்வெட்டு நேரம் யார் முறையில் சேரும் என்பதில் தொடங்கிய பேச்சு, ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறாக முடிந்தது. பழைய கிணற்றில் இப்போது புறா இருக்கிறது.

ஆகஸ்ட் 1, மாலை

"சண்டை போடாமல் பங்கு பிரித்த நாடுகளும் உண்டா?" உண்டு, கொஞ்சம் குடித்துக்கொண்டே. கனடாவுக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்துக்கும் நடுவே ஹான்ஸ் தீவு என்று ஒரு மொட்டைப் பாறை, 1.3 சதுர கிலோமீட்டர். 1973இல் கடல் எல்லை வரைந்தவர்கள் அந்த இடத்தில் மட்டும் கோட்டை நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்காரர்கள் போய்க் கொடி நட்டு ஒரு பாட்டில் வைத்துவிட்டு வருவார்கள். கனடாக்காரர்கள் போய் அதை எடுத்துவிட்டுத் தங்கள் கொடியும் விஸ்கியும் வைப்பார்கள். 2022 ஜூனில் ஆளுக்குப் பாதி என்று கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டார்கள். யாருக்கும் நட்டமில்லை. என் மூன்றாம் நிபந்தனையில் சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. பாட்டில் போனது நட்டம் என்று வைத்துக்கொண்டால் அடைத்துவிடலாம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

பவானி கூடுதுறையில் கூட்டம் தாங்காது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஆகவே நீளமாக.

2021இல் பெல்ஜியத்தில் எர்கெலின் என்ற ஊரில் ஒரு விவசாயி, டிராக்டர் திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று தன் வயல் ஓரத்தில் நின்ற கல்லைப் பெயர்த்துக் கொஞ்சம் தள்ளி நட்டார். தள்ளிய தூரம் 2.29 மீட்டர். அந்தக் கல் 1819 என்று வருடம் பொறித்த நாட்டு எல்லைக்கல். நெப்போலியன் தோற்ற பிறகு போட்ட எல்லை அது. பெல்ஜியம் ஏழரை அடி வளர்ந்தது, பிரான்ஸ் ஏழரை அடி குறைந்தது. அந்தப் பக்கம் நடந்துபோன வரலாற்று ஆர்வலர் ஒருவர் கல் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். தன் ஊர் பெரிதானதில் தனக்கு மகிழ்ச்சிதான், பிரான்ஸ் பக்கத்து மேயருக்குத்தான் பிடிக்கவில்லை என்கிற மாதிரி பெல்ஜிய மேயர் தமாஷ் செய்தார். விவசாயி கல்லைத் திருப்பி வைக்காவிட்டால் 1930க்குப் பிறகு கூடாத எல்லைக் குழுவை இரு நாடுகளும் கூட்ட வேண்டி வரும் என்றும் சொன்னார்கள்.

உலகமே சிரித்தது. நான் பாதிதான் சிரித்தேன், ஏனென்றால் அந்த விவசாயியை எனக்குத் தெரியும். பெல்ஜியத்தில் இருப்பவரை இல்லை. எங்கள் தோட்டத்துக்கு மேற்கே இருப்பவரை. ஒவ்வொரு உழவுக்கும் வரப்பு எங்கள் பக்கம் ஒரு சாண் நகரும். கேட்டால் டிராக்டர்காரன் தெரியாமல் ஓட்டிவிட்டான் என்பார். சர்வே கல்லே ஒருமுறை காணாமல் போய், அவர் வீட்டில் துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது. "கல் நடந்தா வந்தது?" என்று என் அப்பா கேட்டதற்கு, "மழைக்கு உருண்டிருக்கும் மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை என்றதால் அப்பாவால் மேலே பேச முடியவில்லை. முறை வைத்துக் கூப்பிட்டால் வாய் அடைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து கல் நட்டோம். அது நின்றது. வரப்பு இன்னும் நகர்கிறது.

பெல்ஜிய விவசாயி வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்று இங்கே இரண்டு பேர் வாதாடுகிறார்கள். நாட்டு எல்லை என்று தெரியாமல் இருந்திருக்கலாம். கல் என்று தெரியாமல் இருக்க முடியாது.

ஆகஸ்ட் 9

யுன்னான் யானைகள் பற்றிக் கேட்டிருந்தார்கள். சீனாவில் ஷிஷுவாங்பன்னா காட்டிலிருந்து கிளம்பிய யானைக் கூட்டம் 2021இல் வடக்கே 500 கிலோமீட்டர் நடந்து குன்மிங் நகரத்தின் ஓரம் வரை போனது. காடு முழுக்க ட்ரோன். யானைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிய படத்தை உலகமே பார்த்தது. வழியில் ஒன்றரை லட்சம் மக்களை அப்புறப்படுத்தினார்கள், 180 டன் தீவனம் போட்டார்கள். ஆகஸ்ட் 8 அன்று யுவான்ஜியாங் ஆற்றைத் தாண்டித் தெற்கே திரும்பின. ஏன் கிளம்பின என்பதற்கு இன்றுவரை ஒரே விடை இல்லை.

கோவை பக்கம் தடாகம் ஊரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். "நம் வீட்டு வாழையில் படுத்திருந்தபோது யாரும் படம் எடுக்கவில்லையே" என்று பதில் வந்தது. காட்டு யானை சின்னத்தம்பி நினைவிருக்கும். அந்தப் பக்கம் சுற்றிய கொம்பனை 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அது காட்டுக்குள் போகாமல் உடுமலைப் பக்கம் இறங்கி வந்து, கண்ணாடிப்புத்தூர் கரும்புக் காட்டில் உட்கார்ந்துகொண்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். கும்கியாக்க (மற்ற யானைகளை விரட்டப் பழக்கிய யானை) கூடாது என்று ஊரெல்லாம் குரல் எழுந்தது, நானும் குரல் கொடுத்தவன். சித்தப்பா கொடுக்கவில்லை. நட்டப்பட்டவர் அவர். அவருக்கும் அந்த யானையைப் பிடிக்கும் என்பதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம்: ராத்திரி தகரம் தட்டி விரட்டிவிட்டுக் காலையில் "நல்ல அழகான கொம்பு" என்பார்.

ஆகஸ்ட் 14

திமிங்கலம். இதைச் சொல்லாமல் இழையை முடித்தால் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

1970 நவம்பர் 12, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், ஃப்ளோரன்ஸ் கடற்கரை. 45 அடி நீளம், 8 டன் எடையுள்ள திமிங்கலம் செத்து ஒதுங்கி நாறியது. கடற்கரைப் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறையிடம் இருந்தது. சாலைக்காரர்களுக்குப் பெரிய தடை என்றால் வெடிதான். அரை டன் டைனமைட், இருபது பெட்டி. உடல் கடல் பக்கம் சிதறும், மீதித் துணுக்குகளைக் கடற்காகம் தின்றுவிடும் என்பது திட்டம். வெடித்ததும் பார்க்க வந்தவர்கள் மேலெல்லாம் கொழுப்பு மழை. கால் மைல் தள்ளி நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கூரையை ஒரு துண்டு நசுக்கியது. அந்தக் காரின் சொந்தக்காரர் வெடிமருந்துப் பயிற்சி பெற்றவர்; இருபது பெட்டி வேண்டாம், இருபது குச்சி போதும் என்று முன்பே சொன்னதாக அவர் பின்னால் கூறினார். சத்தத்துக்குப் பயந்து கடற்காகம் ஒன்றுகூட அங்கே நிற்கவில்லை. திமிங்கலத்தின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கள் அப்பச்சி தோட்டத்தில் பாறைக் கிணறு வெட்டியபோது மருந்து வைத்தவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பாறையில் தமர் அடித்த (துளையிட்ட) குழியில் மருந்தை அளந்து வைத்துக் கெட்டித்துவிட்டு, கிணற்று வாய்க்கு மேல் முள்ளும் கட்டையும் போட்டு மூடச் சொல்வார். பிறகு ஊரைக் கூப்பிட்டு, தொலைவாகப் போங்கள் என்று விரட்டுவார். அப்படியும் ஒரு கல் பறந்து வந்து அம்மாயியின் பானையை உடைத்தது. வெடிக்குப் பலம் பாறை இறுக்கத்தில் இருந்து வருகிறது என்பார் அவர். அடைக்காத மருந்து காற்றில்தான் போகும். மணலில் கிடந்த கொழுப்புக்குக் கீழே மருந்து வைத்ததைக் கேட்டிருந்தால் கூலியே வாங்காமல் திரும்பியிருப்பார்.

1979இல் அதே ஊர்ப் பக்கம் 41 திமிங்கலங்கள் ஒதுங்கின. எரித்துப் புதைத்தார்கள். 2020இல் ஊர் மக்கள் ஒரு பூங்காவுக்கு வெடித்த திமிங்கலத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டு சிரித்த உலகத்துக்கு அது சரியான பதில்.

ஆகஸ்ட் 27

இன்று ஆகஸ்ட் கடைசிப் புதன். ஸ்பெயினில் புன்யோல் என்ற ஊரில் தக்காளி எறிகிறார்கள். 1945இல் இளவட்டங்கள் செய்த கலாட்டாவில் தொடங்கியது. இப்போது டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக முடியும். நூறு டன்னுக்கு மேல் தக்காளி, ஒரு மணி நேரம். எறியும் முன் கையில் நசுக்க வேண்டும் என்பது விதி.

"நம் கிணத்துக்கடவில் டிக்கெட் இல்லாமலே சாலையில் கொட்டுகிறோமே" என்று எழுதியவருக்கு என் வணக்கம். 14 கிலோ பெட்டிக்குப் பறிகூலிகூடக் கட்டாத நாளில் கொட்டுகிறவர் யார்மேலும் எறிவதில்லை. எறிய வேண்டிய ஆட்கள் அங்கே வருவதில்லை.

ஆகஸ்ட் 29

"உலகத்தை நாம் வேடிக்கை பார்க்கிறோம், நம்மை யாராவது பார்க்கிறார்களா?" என்று கோபியிலிருந்து ஒரு கேள்வி. தாளவாடிப் பக்கம் கும்டாபுரத்தில் தீபாவளி முடிந்த சில நாளில் பீரேஸ்வரர் கோயில் சாணியடித் திருவிழா நடக்கிறது. வீடு வீடாகச் சேர்த்த பசுஞ்சாணத்தை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, ஆண்கள் உருண்டை பிடித்து ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்து உலகம் முழுக்க அனுப்பின, புன்யோலோடு ஒப்பிட்டார்கள். முகம் சுளித்தவர்கள் நிறைய. அந்தச் சாணத்தை முடிவில் அள்ளிக்கொண்டுபோய் வயலில் போடுவார்கள், விளைச்சல் நன்றாக வரும் என்ற நம்பிக்கை. இதைப் படத்துக்குக் கீழே எழுதியவர் குறைவு. தக்காளியைக் கழுவிச் சாக்கடையில் விடுகிறவர்கள் பற்றி யாரும் முகம் சுளிக்கவில்லை.

நட்டப்பட்டவர் யாரும் இல்லாத செய்தி என்பதால் இதை நம்பலாமா என்று சூலூர்க்காரர் மடக்குகிறார். நான் நேரில் பார்த்தது. அதற்கு நிபந்தனை எதுவும் வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 30

தாளவாடிக்குப் போக வழி கேட்டவர்களுக்கு: சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, திம்பம் வழி. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, பகலிலேயே ஏறிவிடவும். கரும்பு லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஆசனூர் பக்கம் யானை அதை நிறுத்தும். மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளவும். ஓரமாக நின்று படம் எடுக்கிறேன் என்பவர் மேல்தான் முதல் உருண்டை விழும்.